கொறங்காட்டில் இறங்கிய விமானம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எங்கள் விமான நிலைய ஊழியர் மன்றத்து மலருக்கு எழுதச் சொன்ன தம்பிகளுக்கும் இது தெரியும். ஆகையால் இதில் வரும் பிழைகளில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற கவலை எனக்கு இப்போதே வந்துவிட்டது.

நான் ஓய்வுபெறும் சமயத்தில்தான் இங்கே கண்ணாடிக் கூண்டு கட்டி, வயர்லெஸ் வைத்தார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் கூண்டில் இருப்பவர் மேலே வரும் விமானத்துக்குச் சொல்லிவிடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, அந்தக் காலத்தில் இதையெல்லாம் விமானம் ஓட்டுகிறவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டான். நான்தான் சொன்னேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முப்பதுகளில் நடந்த கதை இது. நாமக்கல்லுக்கு மேற்கே, சங்ககிரி மலை வடமேற்கில் நீலமாகத் தெரிகிற சமவெளியில் எங்கள் ஊர். ஊர் நிலத்தில் பாதி ஒரே கவுண்டர் வீட்டுக்குச் சொந்தம். அவரை நாங்கள் பெரிய எசமான் என்போம். அவருடைய ஒரே மகனான சின்ன எசமான் சீமைக்குப் படிக்கப் போய், படிப்போடு விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தார். வந்த கையோடு ஒரு விமானத்தையும் வாங்கிவிட்டார். துணி போர்த்திய இரட்டை அடுக்குச் சிறகு. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். அது இறங்கி ஏற இடம் வேண்டுமே. ஊருக்குக் கிழக்கே இருந்த கொறங்காட்டைக் கேட்டார்.

கொறங்காடு என்றால் சுற்றிலும் கிளுவை வேலி போட்டு மாடு மேய விடுகிற புல்நிலம். அதில் கொழுக்கட்டைப் புல் முளைத்துக் கிடக்கும். அந்தப் புல்லின் வேர் மண்ணைப் பிடித்தால் பாய் விரித்த மாதிரி இருக்கும். மழை பெய்தாலும் கால் புதையாது. விமானத்துக்கு அதைவிட நல்ல தரை கிடையாது என்பது சின்ன எசமானின் கணக்கு. மாட்டுக்கும் அதைவிட நல்ல மேய்ச்சல் கிடையாது என்பது பெரிய எசமானின் கணக்கு. கடைசியில் பெரியவர் ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். சர்க்கார் ஆபீசர் வந்து பார்த்து, இது விமானம் இறங்கத் தகுந்த இடம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கு ஏர் பூட்டிக் கடலைக்காய் போட்டுவிடுவார்.

எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். கிணற்றில் வாளியை விட்டால் கயிறு அறுந்துவிடுமோ என்று பார்ப்பேன். கல்யாணத்துக்குப் போனால் தாலி முடிச்சு சரியாக விழுந்ததா என்று எட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். வாத்தியார் அடித்துவிடுவார் என்று பயந்து நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு பெரிய எசமான் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். விமானம் புல்லில் ஓடுவதைப் பார்த்த முதல் நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராக விமானம் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் போய், அங்கே மெக்கானிக்காக இருந்த மாசிலாமணி அய்யாவிடம் சொல்லிவிட்டேன்.

மாசிலாமணி அய்யா திருச்சிக்காரர். முதல் உலகச் சண்டையில் கடல் தாண்டிப் போய் என்ஜின் வேலை பார்த்தவர். அங்கேயே இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. காக்கி அரைக்கால் சட்டையும், மடிப்புக் கலையாத மேல்சட்டையும் போட்டிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்பது என்ஜினுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்க, அந்தச் சக்கரம் வெள்ளெலிப் பொந்துல எறங்கிருச்சுன்னா என்னங்க ஆவறது?" என்று கேட்டேன்.

"பொந்து எங்கே இருக்கு?"

"அங்கங்கே இருக்குமுங்க."

"பார்த்ததா, நினைச்சதா?"

நினைத்ததுதான் என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நான் ஒரு கட்டு சோளத்தட்டையை எடுத்துக்கொண்டு போய், கண்ட பொந்திலெல்லாம் ஒன்று ஒன்றாக நட்டுவைத்தேன். சாயங்காலம் அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். நடுத்திடலில் சோளக்காடு முளைத்த மாதிரி இருந்தது. ஒரு தட்டையைப் பிடுங்கிப் பொந்தின் ஆழம் பார்த்தார். பிறகு, நாளையிலிருந்து இங்கே வேலைக்கு வந்துவிடு என்றார். நான் பயந்தாங்கொள்ளி, எனக்கு இது ஒத்துவராது என்று இழுத்தேன். "தைரியசாலிங்க ரெண்டு பேர் ஏற்கெனவே இருக்கோம். பயப்படறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றார்.

வேலையைக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். ஆனால் தினசரி வேலை இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திடலை நீளவாக்கில் நடக்கவேண்டும். கண் ஏமாறும், பாதம் ஏமாறாது என்பது அய்யாவின் கட்டளை. மெத்தென்று இருக்கும் இடத்தில் நின்று குதித்துப் பார்க்கவேண்டும். பொந்து கண்டால் செம்மண்ணும் ஏரிக் கரம்பை மண்ணும் கலந்து போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே வேரோடு வெட்டிய புல் கரணையை ஊன்றிவிடவேண்டும். புல் உயர்ந்துவிட்டால் மேச்சேரி ஆடுகளை விடுவோம். செக்கச்செவேலென்று இருக்கும் அவை மேய்ந்துவிட்டுப் போனால் அம்பட்டன் கத்தி போட்ட மாதிரி சமமாக இருக்கும். ஆடு போன பிறகு எலும்பு, கல், காய்ந்த சாணி எல்லாம் பொறுக்கவேண்டும். காய்ந்த சாணிதானே என்று விட்டால், அது தெறித்து முன்விசிறியில் பட்டு அதன் மரத்தில் சிராய் கிளம்பிவிடும். பெட்ரோலை மான்தோலில் வடிகட்டித்தான் ஊற்றவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் என்ஜின் நடுவானத்தில் நின்றுவிடும் என்று அய்யா ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு நான் இரண்டு தடவை வடிகட்டினேன். அவர் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப்பை. கொட்டகைக்குப் பக்கத்தில் உயரமான கம்பம். அதன் உச்சியில் மெல்லிய மல்லுத்துணியில் தைத்த நீளமான பை, இரண்டு பக்கமும் வாய் திறந்தது. காற்று உள்ளே புகுந்தால் யானைத் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்கவேண்டும். எதிர்த்து வந்தால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். காற்று முதுகில் இருந்தால் தள்ளிக்கொண்டே போகும். எங்கள் திடலில் தள்ளிக்கொண்டு போகக்கூடாது. காரணம், திடலின் மேற்கு முனையில் பெரிய எசமானின் பாட்டனார் வெட்டிய கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத, வாய் அகன்ற பாறைக்கிணறு. குனிந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். இரவில் படுத்தால் அந்தக் கிணறுதான் கண்ணில் வரும்.

ஆடி மாதத்து மேல்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தம்பிகளுக்குத் தெரியும். அந்த வருஷம் அது மல்லுப் பையைக் கிழித்து நார் நாராக்கிவிட்டது. ஆபீசர் வரும் நாள் வேறு குறித்தாகிவிட்டது. சின்ன எசமான் மதராசுக்குப் பறந்துபோய், அவரைத் தன் விமானத்திலேயே அழைத்து வருவதாக ஏற்பாடு. புதுப் பை தைக்க இளம்பிள்ளை என்ற ஊரில் எங்கள் கவுண்டர் வீட்டுக்கு வழக்கமாகச் சேலை நெய்து தரும் நெசவாளியிடம் சொல்லி அனுப்பினோம்.

ஆபீசர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவர் பையைக் கொண்டுவந்தார். இரட்டை இழைத் துணி. வாய்ப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குச் சரிகைக் கரை. தூக்கிப் பார்த்தால் கைக்குழந்தை கனம். அய்யா அதைக் கையில் வாங்கி, எடை போட்டுப் பார்த்து, மல்லுத்துணியில்தானே கேட்டோம் என்றார்.

நெசவாளிக்கு மனசு நொந்துவிட்டது. "என்னங்க இப்பிடிச் சொல்றீங்க. பெரிய ஊட்டுக் கொடிங்க இது. வெள்ளக்காரத் தொர அண்ணாந்து பாக்கறப்ப மல்லுத்துணியா தொங்கோணும்? எங்க ஊர்க்காரன் மூஞ்சியில முழிப்பனுங்களா நான்?"

மறுபடி தைக்க நாளில்லை. அது போதாதென்று பெரிய எசமான் அந்தச் சரிகையைப் பார்த்துவிட்டார். அதுவரை திடல் பக்கமே எட்டிப் பார்க்காதவர். சரிகையைத் தடவிப் பார்த்து, இதைக் கண்டபடி ஏற்றக்கூடாது, முறையாகக் கொடியேற்றம் வைத்துவிடலாம் என்றார். அவர் மனசு இளகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான்தான் பையைத் தூக்கித் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் வரும் நாள் புரட்டாசிக் கடைசி. காலையில் ஊரே திடலில் கூடிவிட்டது. கொட்டகை வாசலில் மாவிலையும் வேப்பங்குலையும் கட்டியிருந்தார்கள். கம்பத்தடியில் பெண்கள் பொங்கல் வைத்தார்கள். பெரிய எசமான் காற்றுப்பையை மஞ்சள் தண்ணீர் அண்டாவில் முக்கி எடுத்து, பிழியாமல், சொட்டச் சொட்டக் கம்பத்தில் ஏற்றினார். அம்மன் கொடியை அப்படித்தான் ஏற்றுவார்கள். மஞ்சள் தண்ணீர் எங்கள் தலையில் சொட்டியது. எல்லோரும் கும்பிட்டார்கள். அய்யா மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அவர் பக்கத்தில் போய், காற்று வந்தாலும் இது எழாது போலிருக்கிறது என்றேன். பார்த்ததா, நினைச்சதா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்போது காற்றே இல்லை, ஒரு புல் அசையவில்லை. நினைத்ததுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் பார்க்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டார். நானும் கம்பத்தை விட்டு நகரவில்லை. சோற்றுக்குக்கூடப் போகவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது கொல்லிமலைப் பக்கம் மேகம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் என் கணுக்காலில் புழுதி பட்டது. குனிந்தேன். மேயாமல் விட்டிருந்த வேலியோரத்துக் கொழுக்கட்டைப் புல்லின் பூங்கதிர்கள் எல்லாம் மேற்குப் பக்கம் சாய்ந்து கிடந்தன. கிழக்குக் காற்று. நல்ல காற்று. நிமிர்ந்து பார்த்தேன். காற்றுப்பை ஈரத்துணி கொடியில் தொங்குகிற மாதிரி நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி மட்டும் லேசாக ஆடியது.

அதே நேரத்தில் வடகிழக்கில் விமானச் சத்தம் கேட்டது.

எங்கள் திடலில் ஒரு முறை உண்டு. வருகிற விமானம் இறங்கும் முன் திடலை ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றுப்பையைப் பார்க்கவேண்டும். பை தொங்கினால் காற்றில்லை என்று அர்த்தம். காற்றில்லாவிட்டால் சின்ன எசமான் வழக்கமான பாதையில், அதாவது கிழக்கேயிருந்து மேற்கே பார்த்து இறங்குவார். மேற்கே கிணறு. முதுகில் காற்று. முன் இருக்கையில் மதராஸ் ஆபீசர். 

அய்யாவிடம் ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் அதே கேள்வியைக் கேட்டார். "பார்த்ததுங்க அய்யா" என்றேன். "அப்புறம் ஏன் இங்கே நிக்கிறே?" என்றார். அவருடைய காலால் ஓட முடியாது.

கம்பத்தடிக்குப் போய்க் கயிற்றில் கை வைத்தேன். கொடியை இறக்கிவிட்டால், ஏதோ சரியில்லை என்று மேலே இருப்பவருக்குப் புரியும். ஆனால் பெரிய எசமான் என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்றா பண்ற பழனி? ஏத்துன கொடிய எறக்கறதா? பையன் தரையில கால் வெக்கற வரைக்கும் அதுல யாரும் கை வெக்கக்கூடாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொடி ஏற்றினால் காரியம் முடிகிறவரை இறக்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் முறைதான். மகனுக்கு ஆகாது என்றுதான் அவரும் பயந்தார். காற்று, பை, கிணறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பயத்தில் நாக்கு குழறியது. விமானம் தலைக்கு மேலே சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஜனங்கள் எல்லோரும் மேல்துண்டை எடுத்து வீசி ஆரவாரம் செய்கிறார்கள். நானும் துண்டை வீசினால் கூட்டத்தில் அதுவும் ஒரு வரவேற்பு, அவ்வளவுதான். விமானம் கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் பொங்கல் அடுப்பு கண்ணில் பட்டது. காய்ந்த விறகு, புகையே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் பச்சை வேப்பங்குலை.

"சாமி, கொடி அப்பிடியே இருக்கட்டுமுங்க. எறக்க வேண்டாம். சின்னவரு எறங்கற நேரம், ஊரே அண்ணாந்து பாக்குது. ஆத்தாளுக்கு வேப்பந்தழையில ஒரு பொகை போட்டுக் கண்ணு கழிச்சர்லாமுங்களா?"

பெரிய எசமான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "போடு" என்றார்.

கொட்டகைத் தோரணத்தை அப்படியே பிய்த்து எடுத்தேன். ஓடிவந்து பொங்கல் பானையைக் காலால் தள்ளாத குறையாக நகர்த்தி, தழையை அள்ளி அடுப்பில் கொட்டினேன். பானையில் பால் அப்போதுதான் நுரைத்து மேலே வந்துகொண்டிருந்தது. பெரிய எசமானின் சம்சாரம், நாங்கள் பெரிய ஆத்தா என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், என் முதுகில் கரண்டியாலேயே ஒன்று வைத்தார்.

"கட்டையில போறவனே, பொங்கி வார நேரத்துல அடுப்புல தழையப் போடறயே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"உங்க பையனுக்குத்தானுங்க ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கை நிறையத் தழையைப் போட்டேன்.

புகை எழுந்தது. எழுந்தது என்றால், தலை உயரம்கூட எழவில்லை. வெள்ளை வெளேரென்று கனத்துக் கிளம்பி, காற்று பிடித்துத் தள்ள, திடல் மேலே படுத்து மேற்கே ஓடியது. கிணற்றைக் காட்டி நீட்டிய கை மாதிரி இருந்தது.

விமானம் கிழக்கு வேலியைத் தாண்டிவிட்டது. சக்கரம் புல்லுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் வருகிறது. எங்களைக் கடந்து போகிறது. ஓட்டுகிறவரின் தலை புகைப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.  அடுத்த நொடி என்ஜின் முழுக் குரலில் அலறியது. மூக்கு நிமிர்ந்தது. கிணற்றுக்கு மேலே, அப்பாலிருந்த பனைகளுக்கு மேலே ஏறிப் போய்விட்டது.

ஜனங்கள் வேடிக்கை காட்டுகிறார் என்று கைதட்டினார்கள். விமானம் மேற்கே வளைந்து, திரும்பி, கிணற்றைத் தாண்டி, காற்றை எதிர்த்து வந்தது. சக்கரம் புல்லைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் ஓடி, நடுத்திடலில் பசு நிற்கிற மாதிரி நின்றது.

நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அய்யா மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார். "இன்னிக்கு நல்லாப் பயந்தே, பழனியப்பா" என்றார். நான் உத்தியோகத்தில் வாங்கிய சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்தால், இது மறு தட்டு.

சின்ன எசமான் இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. கொடி தொங்கியதால் காற்றில்லை என்று நினைத்துவிட்டதாகவும், புகை தன்னோடு கூடவே ஓடுவதைப் பார்த்த பிறகுதான் முதுகுக் காற்று என்று புரிந்ததாகவும் அப்பாவிடம் சொன்னார். இன்னும் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் கிணற்றில்தான் என்றார். பெரிய எசமான் கம்பத்தடிக்குப் போனார். தன் கையாலேயே கொடியை இறக்கினார். மடித்து, பூசாரியிடம் கொடுத்து, கோயிலில் வைக்கச் சொன்னார். நெசவாளியைக் கூப்பிட்டு, உன் சரிகைக்குக் கோயில்தான் இடம், இங்கே கொசுவலை மாதிரி ஒன்று தைத்துக் கொடு என்றார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஆபீசர் திடலை முழுக்க நடந்து பார்த்தார். அங்கங்கே நின்று பூட்ஸ் குதிகாலால் புல்லைக் குத்திப் பார்த்தார். கடைசியில் கிணற்றடிக்குப் போய், ஒரு கல்லைப் போட்டுவிட்டு, தண்ணீரில் விழும் சத்தம் வரும்வரை நின்றார். திரும்பி வந்து சொன்னதைச் சின்ன எசமான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். தரை நன்றாக இருக்கிறதாம். இவ்வளவு நல்ல புல்லை அவர் எதிர்பார்க்கவில்லையாம். ஆனால் அந்தக் கிணறு அங்கே இருக்கும்வரை அனுமதி தரமுடியாதாம்.

எல்லோரும் பெரிய எசமானைப் பார்த்தோம். ஏர் பூட்டச் சொல்ல அவருக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பாட்டனார் பாறை உடைத்து வெட்டிய கிணறு. எங்கள் பக்கத்தில் ஒருவன் மண்ணை விற்பான், மாட்டை விற்பான், கிணற்றை மட்டும் கையை விடமாட்டான். சின்ன எசமான் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் தழை இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"மூடிரு" என்றார்.

சின்ன எசமானுக்குக் காது கேட்டதா என்றுகூடச் சந்தேகம். "அப்பா, கெணத்தையா?" என்றார்.

"தண்ணி வேற எடத்துல வெட்டுனாலும் வரும். நீ வருவியா?"

 மறுநாளே வண்டிகள் வந்துவிட்டன. எங்கள் ஊர், பக்கத்து ஊர் என்று கவுண்டர் வீட்டுக்கு உறவான அத்தனை பேர் வண்டியும் கல்லும் மண்ணும் கொண்டு வந்து கொட்டியது. ஐப்பசி மழையில் மண் இறங்கும், மறுபடி கொட்டுவோம். மறுபடி இறங்கும். கார்த்திகை முழுக்க நானும் ஆட்களும் திமிசு போட்டோம். பொந்து மூடுகிற அதே முறைதான், பொந்துதான் கொஞ்சம் பெரிது. மேலே கொறங்காட்டுப் புல்லைக் கரணை கரணையாக வெட்டி வந்து ஊன்றினேன். வேர் பிடிக்காதோ என்று பயந்து மார்கழி முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். ஆட்கள் கேலி செய்தார்கள். புல் பிடித்தது.

தையில் ஆபீசர் மறுபடி வந்தார், இந்தத் தடவை ரயிலில் சங்ககிரிக்கு வந்து இறங்கி, வண்டியில். நடந்து பார்த்தார். எந்த இடத்தில் கிணறு இருந்தது என்று கேட்டார். நான் காட்டினேன். அந்த இடத்தில் நின்று குதித்தார். அப்புறம் மாசிலாமணி அய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, என் கையையும் பிடித்துக் குலுக்கினார். மண் ஒட்டியிருக்கிறதே என்று நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

அனுமதி வந்துவிட்டது. அன்றைக்கே பெரிய எசமான், தன்னையும் ஒரு சுற்று ஏற்றிக் காட்டச் சொன்னார். தலையில் உருமாலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். பெரிய ஆத்தா தள்ளி நின்று அழுதார். நான் என் பயத்தையெல்லாம் மொத்தமாகக் கூட்டி அந்த விமானத்தோடு அனுப்பினேன். வீட்டுக்கு மேலே, காவிரிப் பக்கம், சங்ககிரி மலைமேல் கோட்டை தெரிகிற தூரம் வரை போய்த் திரும்பினார்கள். அன்று கிழக்குக் காற்று. மேற்கேயிருந்து வந்து, சின்ன எசமான் வேண்டுமென்றேதான் செய்தாரோ என்னவோ, பழைய கிணற்றின் மேலேயே சக்கரத்தைத் தொடவைத்து ஓடிவந்து நின்றார்.

பெரியவருக்கு உருமாலை அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. கண்ணில் காற்றடித்து நீர் வழிந்தது. கீழே இறங்க நாங்கள் கை கொடுத்தோம். அவர் இறங்கவில்லை.

"கெணறு எங்கடா?" என்றார்.

தாண்டி வந்துவிட்டோம் என்றார் மகன். பெரியவர் திரும்பிப் பார்த்தார். பச்சைப் புல் ஒரே சீராகக் கிடந்தது. அறுபது வருஷம் தண்ணீர் இறைத்த மனிதருக்கு அது எந்த இடம் என்று தெரியவில்லை.

"இன்னொருக்கா போலாம்" என்றார். "இந்தத் தடவ பழனிய அங்க போயி நிக்கச் சொல்லு. எங்க இருந்துச்சுன்னு மேல இருந்து பாக்கோணும்."

நான் ஓடிப்போய் அங்கே நின்றேன்.